எங்கே பூசக் கூடாது: ஒருவருக்கென்றே செய்யும் செயற்கை மூட்டை வடிவமைக்க வருவோருக்கு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளில் இயந்திரவியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்துவிட்டுச் செயற்கை மூட்டு வடிவமைப்பில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர், பூச்சு என்றாலே உறுப்புக்குக் கூடுதல் பலம் தருகிற கவசம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். எலும்பு பற்றிக்கொள்வதற்காக இடுகிற சொரசொரப்பான பூச்சு, தனக்கு அடியில் உள்ள உலோகத்தின் ஆயுளைப் பெரும்பாலும் குறைக்கவே செய்கிறது. ஆகவே எந்தப் பரப்பில் பூச வேண்டும், எந்தப் பரப்பைத் தொடவே கூடாது என்று பிரிப்பதுதான் வடிவமைப்பாளரின் முதன்மையான வேலை. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டையும் கழுத்தையும் உருண்டைத் தலையையும், அந்தத் தலை உட்கார்ந்து சுழலும் கிண்ணத்தையும் கொண்ட இடுப்பு மூட்டையே இங்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதைப் புரிந்துகொண்டவருக்கு முழங்கால் மூட்டு பிடிபடாமல் போகாது.

முதலில்: தனியாகச் செய்யத்தான் வேண்டுமா?

பெரும்பாலான நோயாளிகளுக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் அளவுகளில் ஒன்று பொருந்துமானால் அதுவே மேல். ஏனெனில் அதே வடிவம் ஆயிரக்கணக்கானவர்களின் உடலில் எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது என்பதற்குச் சில நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளில் சான்று இருக்கிறது. ஒருவருக்கென்றே செய்யும் உறுப்புக்கு அந்தச் சான்று கிடையாது; அதன் முதல் நோயாளியே கடைசி நோயாளியும் ஆவார். பிறவியிலேயே இடுப்பு விலகி எலும்புக் குழல் குறுகிப்போனவர்கள், எலும்புப் புற்றுநோய்க்காகத் துண்டாக வெட்டி எடுக்கப்பட்டவர்கள், முன்பு வைத்த மூட்டு தளர்ந்து இடுப்பெலும்பே அரித்துப்போனவர்கள், பழைய முறிவு கோணலாகக் கூடியவர்கள் ஆகியோருக்குத்தான் தனி வடிவம் நியாயமாகிறது. இதை முடிவு செய்ய வேண்டியவர் அறுவை மருத்துவர். அவர் எழுத்தில் தராத வரை வரைபடப் பலகையைத் திறக்காதீர்கள்.

அவர் எப்படி உட்காருகிறார் என்று கேளுங்கள்

மேலைநாட்டுப் பாடநூல்களில் வரும் நோயாளி நாற்காலியில் உட்காருகிறார். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றுகிற ஆச்சிமார், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பகல் முழுதும் தரையில் சம்மணம் போட்டு இருப்பவர்கள். நடவு நடும் பெண்கள் குனிந்தே நிற்கிறார்கள். பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் தறியோடு தறியாகத் தரையிலேயே உழைக்கிறார்கள். வீட்டில் கழிப்பறை எந்த வகை, படிக்கட்டு உண்டா, குத்தவைத்து உட்காரும் பழக்கத்தை விட முடியுமா, தரையிலிருந்து எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்பனவற்றையெல்லாம் உடல் எடையோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிவாங்குங்கள். அறுவைக்குப் பிறகு தரையில் உட்கார மருத்துவர் தடை சொல்வார். ஆனாலும் உட்காருவார்கள் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பதே விவேகம்.

சுமையைப் பொறுத்தவரை நம்பத் தகுந்த எண்கள் இருக்கின்றன. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர், அளவுமானி பொதிந்த செயற்கை இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து, உடலுக்குள்ளேயே விசையை அளந்தார்கள். இயல்பாக நடக்கும்போது இடுப்பு மூட்டில் ஏறத்தாழ உடல் எடையின் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. கால் தடுக்கித் தடுமாறும் அந்த ஒரு கணத்தில் அது ஏழு மடங்கைத் தாண்டுகிறது. ஒரு காலுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடிகள் என்று வைத்துக்கொள்வது இத்துறையின் வழக்கம். எனவே ஒரே ஒரு பெருஞ்சுமையைத் தாங்கினால் போதாது. நடுத்தரச் சுமையைக் கோடி முறை தாங்க வேண்டும்.

ஸ்கேனிலிருந்து எலும்பின் வடிவத்துக்கு

சி.டி. ஸ்கேனில் வெட்டுத் தடிமன் 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருக்கட்டும். இடுப்பை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள்; முழங்கால் முண்டுகளும் படத்தில் இருந்தால்தான் தொடை எலும்புக் கழுத்து எவ்வளவு முன்னோக்கித் திரும்பியிருக்கிறது என்று கணக்கிட முடியும். பாதிக்கப்படாத மறுகாலும் படத்தில் இருந்தால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒப்பிடலாம். இவற்றை முன்கூட்டியே ஸ்கேன் அறைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தால் நோயாளிக்குத் தேவையற்ற கதிர்வீச்சு.

எலும்பைப் படத்திலிருந்து பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளே கற்பவர்களுக்குப் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணினியில் உருவம் கரடுமுரடாகத் தெரிகிறதே என்று வழவழப்பாக்கும் கருவியை இரண்டு முறை ஓட்டினால், எலும்புக் குழலின் சுவர் மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். சிமெண்ட் இல்லாமல் இறுக்கிப் பொருத்தும் தண்டுக்கு அந்த அளவே வாழ்வா சாவா. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழைய வெட்டுப்படத்தின் மேல் புதிய எல்லைக்கோட்டை ஏற்றிப் பாருங்கள்.

பயிற்சிக்கு மேலப்பாளையத்துக் கசாப்புக் கடையில் ஒரு ஆட்டுத் தொடை எலும்பை வாங்கி, ரம்பத்தால் ஒரு அங்குலத்துக்கு ஒரு வெட்டாக அறுத்துப் பாருங்கள். நடுவில் குழாய்போல் கெட்டியான சுவர். மூட்டை நெருங்க நெருங்க அந்தச் சுவர் தாள்போல் மெலிந்து, உள்ளே பஞ்சு எலும்பு நிறைந்திருக்கும். சுமை எந்த வழியாக இறங்குகிறது என்பதை கணினித் திரையில் வரும் எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

உலோகம்

எலும்பில் பதியும் தண்டுக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் எஃப் 136 தரத்து டைட்டானியம் கலவையே இன்று வழக்கம்: 6 விழுக்காடு அலுமினியம், 4 விழுக்காடு வனேடியம். குறைந்தபட்ச இளகு வலிமை, அதாவது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை, 795 மெகாபாஸ்கல். விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். கோபால்ட்-குரோம் கலவையின் விறைப்பு அதைப்போல் இரு மடங்கு; கெட்டி எலும்பினுடையதோ 15 முதல் 20 வரைதான். தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் சுமையைத் தானே சுமந்துகொண்டு எலும்பைச் சும்மா விட்டுவிடும். சும்மா இருக்கும் எலும்பு கரையும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். டைட்டானியத்தின் குறை வேறு: உரசினால் சீக்கிரம் கீறி உதிர்கிற உலோகம் அது. ஆகையால் உருண்டைத் தலையை அதில் செய்வதில்லை.

(நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கரையில் டைட்டானியத் தாது கலந்த கருமணல் அள்ளப்படுகிறது, கேரளத்துச் சவராவில் 2011 முதல் பஞ்சு வடிவ டைட்டானிய உலோகம் செய்யும் ஆலையும் இருக்கிறது. ஆனாலும் மருத்துவத் தரக் கம்பி வாங்கும்போது தாதுவின் ஊர் உங்களுக்குத் தேவையில்லை. எந்த உலையில் எந்தத் தடவை உருக்கியது என்று காட்டும் உருக்கு எண்ணோடு கூடிய சான்றிதழ்தான் தேவை.)

கழுத்தின் கணக்கு

பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் கையாலேயே ஒரு கணக்குப் போடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நடக்கும்போது மூட்டில் சுமார் 1,400 நியூட்டன். விசையின் கோடு கழுத்தின் அடிப்பகுதியிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி விழுவதாகக் கொள்வோம். அப்போது வளைவுத் திருப்பம் 21,000 நியூட்டன்-மில்லிமீட்டர். கழுத்தின் விட்டம் 12 மில்லிமீட்டரானால் இழுபடும் பக்கத்தில் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் விசை, ஏறத்தாழ 124 மெகாபாஸ்கல். 10 மில்லிமீட்டரானால் 214. இரண்டே மில்லிமீட்டர் மெலிந்ததற்குத் தகைவு முக்கால் மடங்கு கூடிவிட்டது, ஏனெனில் அது விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். கழுத்துக்கான ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தர அமைப்பு) 7206-6 சோதனை 5,340 நியூட்டனை 1 கோடி முறை ஏற்றி இறக்குகிறது. அந்தச் சுமையில் 12 மில்லிமீட்டர் கழுத்து 472 மெகாபாஸ்கல் காண்கிறது. 10 மில்லிமீட்டர் கழுத்து 816. அதாவது மெலிந்த கழுத்து முதல் சுற்றிலேயே இளகு வலிமையைத் தாண்டிவிடுகிறது.

இப்போது சம்மணம் போடும் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்து மெலிதாக இருந்தால்தான் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்காமல் கால் அதிகம் மடங்கும்; முறியாமல் இருக்க வேண்டுமானால் கழுத்து தடித்திருக்க வேண்டும். இந்த இழுபறியில் கழுத்தைச் செதுக்குவது தவறான வழி என்பது என் கருத்து. தலையின் விட்டத்தைக் கூட்டுங்கள். 12 மில்லிமீட்டர் கழுத்தின்மேல் 28 மில்லிமீட்டர் தலை என்றால் விகிதம் 2.3, 36 என்றால் 3. இடிக்காமல் அசையும் வீச்சு அதனால் கூடுகிறது. அதற்கு விலையாகக் கிண்ணத்துக்குள் உள்ள பிளாஸ்டிக் மெலியும் என்பதால், சிறிய இடுப்பெலும்பு கொண்டவர்களுக்கு 32-இல் நின்றுவிட வேண்டியிருக்கும்.

தண்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும் கூடுதல். விட்டம் கூடும்போது வலிமை மும்மடியில் ஏறுகிறது, விறைப்போ நான்மடியில் ஏறுகிறது. 12-ஐ 14 ஆக்கினால் வலிமை 1.6 மடங்கு, விறைப்பு 1.85 மடங்கு. குழலை முழுதாக நிறைக்கும் தடித்த தண்டு முறியாது. ஆனால் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துவிடும். கைக்கணக்கு ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகே ஃபிரீகேட், கால்குலிக்ஸ் போன்ற மென்பொருள்களில் உறுப்பைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துத் தகைவைக் கணக்கிடும் நுண்கூறுப் பகுப்பாய்வுக்குப் போங்கள். கணினி தரும் விடை கைக்கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லையென்றால், தவறு பெரும்பாலும் நீங்கள் கொடுத்த பிடிமான நிபந்தனையில் இருக்கும்.

பூச்சு: எலும்பின் பக்கம்

எலும்பு பற்றிக்கொள்ள இருவகைப் பரப்பு உண்டு. ஒன்று, துளைகள் உள்ள உலோகப் பரப்பு. துளை ஏறத்தாழ 100 முதல் 400 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் எலும்பு உள்ளே புகுந்து வளர்கிறது. மற்றது, எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து இடுப்பு மூட்டுகளில் பயன்பட்டுவருகிறது. இரண்டையும் சேர்த்து இடுவதும் உண்டு. எதுவாயினும் ஆரம்ப வாரங்களில் தண்டு ஆடாமல் இருக்க வேண்டும். அசைவு 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150-ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் படியும். ஆகவே பிடிமானத்தை முதலில் தருவது தண்டின் வடிவமே. பூச்சு பின்னால்தான் வருகிறது.

வலிமைக்கு வருவோம். வழவழப்பாக மெருகேற்றிய டைட்டானியக் கலவை 1 கோடி சுற்றுகளுக்கு 500 மெகாபாஸ்கல் அளவில் தாங்கும். அதன்மேல் சிறு உலோக மணிகளை உலையில் சுட்டு ஒட்டவைத்தால், தாங்கும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகே சரிந்துவிடுகிறது. காரணம் இரண்டு. உலையின் வெப்பம் உலோகத்தின் நுண்மணிகளைப் பருமனாக்கிவிடுகிறது. மணி ஒட்டியிருக்கும் ஒவ்வொரு இடுக்கும் விரிசல் பிறக்கும் வாயாகிவிடுகிறது. பூச்சுத் தூளை மிகச் சூடான வாயுவில் உருக்கி வீசும் பிளாஸ்மா ஸ்பிரேயில் உள் உலோகம் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் முதல் காரணம் நீங்குகிறது. இரண்டாவது அப்படியே இருக்கிறது.

இதனால்தான் கழுத்தில் பூச்சே கூடாது. தண்டிலும் அகன்ற மேல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது நல்லது. தண்டு வளையும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் அமுங்குகிறது. விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். அப்படியானால் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கங்களில் மட்டும் திட்டுத்திட்டாகப் பூசலாமே என்று தோன்றும். தோன்றியவர்கள் முன்பே செய்துபார்த்தார்கள். பூசாத இடைவெளி வழியாக மூட்டுத் திரவமும் அதோடு பிளாஸ்டிக் துகள்களும் கீழே இறங்கி, தண்டின் நுனிவரை எலும்பை அரித்தன. எனவே மேல்பகுதியில் சுற்றிவரப் பூசுங்கள். அங்கே குறுக்குவெட்டு அகலமாக இருப்பதால் தகைவு குறைவு. தண்டு மெலியத் தொடங்கும் இடத்துக்கு முன்பே பூச்சை முடியுங்கள். முடியும் இடம் படிபோல் வெட்டி நிற்காமல் படிப்படியாக மெலிந்து மறைய வேண்டும். உங்கள் கணக்கில் தகைவு எங்கே உச்சம் என்று வந்ததோ அந்தக் கோட்டில் பூச்சின் ஓரம் ஒருபோதும் விழக் கூடாது.

ஹைட்ராக்சிஅபடைட்டின் தடிமனுக்கு 50 முதல் 75 மைக்ரான் என்பது பழகிய எல்லை. கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 200 மைக்ரான் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. வெப்பத்தில் அது விரியும் அளவும் டைட்டானியம் விரியும் அளவும் வேறு. ஆகவே தடித்த பூச்சு, பழைய சுண்ணாம்பின் மேல் ஆண்டுதோறும் அடித்துக்கொண்டே போன சுவர்போல் ஏடு ஏடாக உரியும். ஸ்பிரேயின் பிளாஸ்மா 10,000 டிகிரி செல்சியசைத் தாண்டுவதால் கனிமத்தின் ஒரு பகுதி சிதைந்து, எளிதில் கரையும் வேறு சேர்மங்களாகவும் படிகமற்ற நிலையிலும் படிகிறது. அது மிகுந்தால் எலும்பு பற்றும் முன்பே பூச்சு கரைந்துபோகும். பூச்சில் எந்தச் சேர்மம் எந்தப் படிக நிலையில் உள்ளது என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிலகல் சோதனையின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் 1.67-ஐ ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டுவலிமை ஐ.எஸ்.ஓ. 13779-2 சொல்லும் 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது.

வரைபடத்தில் புதியவர்கள் விடும் இரண்டு ஓட்டைகளைச் சொல்லிவிடுகிறேன். 75 மைக்ரான் பூச்சு இரு பக்கமும் சேர்ந்து 0.15 மில்லிமீட்டரைக் கூட்டுகிறது. பூசும் முன் அளவு, பூசிய பின் அளவு என இரண்டையும் தனித்தனியாக எழுதாவிட்டால் பட்டறைக்காரர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. அடுத்தது, தலை உட்காரும் கூம்பு. பூச்சு பிடிப்பதற்காக அலுமினாத் தூளை வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்போதும், அதற்குப் பின் ஸ்பிரே செய்யும்போதும், அந்தக் கூம்பின்மேல் ஒரு மூடி திருகப்பட்டிருக்க வேண்டும். அங்கே ஒட்டிக்கொண்ட ஒரு துகள்கூடப் பீங்கான் தலையை உடைக்கப் போதும். உலோகத் தலையாக இருந்தால் அந்த இணைப்பில் அரிப்பு தொடங்கும். மூடியையும் ஓர் உறுப்பாகவே வரைந்து, எண் கொடுத்து, வரைபடத்தோடு அனுப்புங்கள்.

உரசும் பக்கம்

ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்தார். உராய்வு மிகக் குறைவு, ஆனால் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, உதிர்ந்த துகள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. 1962-இல் மிகு மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றுவரை அதன் வழிவந்த பொருளே ஆள்கிறது. ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் எலும்பு அரிப்பு அபாயம் கூடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. கதிர்வீச்சால் மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு ஏற்றிய பிளாஸ்டிக் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதோடு பீங்கான் தலையைச் சேர்ப்பதே தனி உறுப்புக்கும் நல்ல தேர்வு. தலையையும் கிண்ணத்தின் உட்பகுதியையும் தயார்நிலையில் வாங்குங்கள், அவற்றைத் தனியாகச் செய்ய முனையாதீர்கள்.

தலையின்மேல் சில மைக்ரான் கடினப் பூச்சு இடலாமா என்று கேட்பார்கள். மென்மையான உலோகத்தின்மேல் மெல்லிய கடினத் தோல் ஒன்று இருக்க, அதில் ஊசித்துளை விழுந்தால், துளை வழியே நுழையும் திரவம் அடியில் அரித்துத் தோலைக் கிளப்பிவிடும்; கிளம்பிய துணுக்கு மூட்டுக்குள் அரம்போல் வேலை செய்யும். டைட்டானியத் தலைகளின்மேல் வைரத்தை ஒத்த கார்பன் பூசியவற்றில் இது நடந்திருக்கிறது. சிர்கோனியக் கலவையைச் சூடாக்கி அதன் பரப்பையே ஏறத்தாழ 5 மைக்ரானுக்குப் பீங்கானாக மாற்றும் முறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே ஒட்டவைத்த தோல் என்று எதுவும் இல்லை.

செய்தலும் சோதித்தலும்

உலோகத் தூளை லேசராலோ மின்னணுக் கற்றையாலோ அடுக்கடுக்காக உருக்கி அச்சிடும் முறையில், துளைப் பரப்பையும் தண்டையும் ஒன்றாகவே எடுத்துவிடலாம். அச்சிலிருந்து வந்தபடியே விட்டால் உள்ளே நுண்குழிகளும் வெளியே கரடும் இருக்கும். சுமார் 920 டிகிரியில், 100 மெகாபாஸ்கல் வாயு அழுத்தத்தில் வைத்து உட்குழிகளை மூட வேண்டும். கழுத்தையும் கூம்பையும் கடைந்து மெருகேற்ற வேண்டும். துளைகளில் சிக்கிய தூளை வெளியேற்ற வழி விட்டிருக்க வேண்டும். பிளாஸ்மா ஸ்பிரே நேர்கோட்டில் மட்டுமே படியும், ஆழத் துளைகளுக்குள் போகாது. இவற்றுக்கு முன்பு, பிளாஸ்டிக்கில் அச்சிட்ட எலும்பையும் உள்ளூர் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்த மாதிரித் தண்டையும் மருத்துவர் கையில் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கணினித் திரையில் கண்ணுக்குப் படாத இடறலை அவர் விரல் கண்டுபிடிக்கும்.

நோயாளிக்கு ஒரே உறுப்புத்தான் என்பதால் அதையே உடைத்துச் சோதிக்க முடியாது. உங்கள் வடிவங்களில் மிக மோசமான நிலையை, அதாவது மிக மெல்லிய தண்டையும் மிக நீண்ட கழுத்தையும் சேர்த்து, அதே தூள், அதே உலை, அதே பூச்சோடு செய்து அதைச் சோதியுங்கள். பூசாத மாதிரியில் கிடைத்த விடையைப் பூசிய உறுப்புக்கு எழுதிக்கொள்வது ஏமாற்று. தண்டுக்கு ஐ.எஸ்.ஓ. 7206-4 சொல்வது 50 லட்சம் சுற்று, தேய்மானத்துக்கு ஐ.எஸ்.ஓ. 14242 வழியில் இன்னும் 50 லட்சம். உயிர்ப் பொருத்தத்தையும் பூச்சின் ஒட்டுதலையும் சோதிப்பது பற்றி அறிய விரும்புவோர்க்கு, திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு நெல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள மருத்துவக் கருவி விதிகள், 2017 இந்தியாவில் பொருந்தும். ஒருவருக்கென்றே செய்யும் கருவி என்றால், அத்துறை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரைப்படி, அவர் பொறுப்பில், அந்த ஒரு நோயாளிக்காக மட்டும் செய்யப்படுவது. அதே வடிவைப் பத்துப் பேருக்குச் செய்து விற்றால் அது இந்த வரையறைக்குள் வராது. தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, அபாயக் கணிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 14971 ஆகிய இரண்டையும் வேலை கிடைப்பதற்கு முன்பே படித்துவையுங்கள்.

உறுப்பை ஒப்படைக்கும்போது உருக்கு எண், தூள் தொகுதி, பூச்சு அறிக்கை, பூசிய பின் அளந்த அளவுகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கப்படும் எக்ஸ்-ரே படங்களின் நகலை, நோயாளியின் பெயரை நீக்கி, மருத்துவரிடமிருந்து பெற்று அதே கோப்பில் சேருங்கள். பூச்சு முடியும் இடத்தில் உள்சுவரிலிருந்து எலும்புப் பாலங்கள் தண்டை நோக்கி வெள்ளையாக வளர்ந்திருந்தால் அது பற்றிக்கொண்டது. கழுத்துக்குக் கீழே உள்பக்கத்து எலும்பு ஆண்டுக்கு ஆண்டு முனை மழுங்கி மங்கிக்கொண்டே போனால், சுமை மேலே இறங்காமல் கீழே போகிறது; அடுத்த தண்டைக் கொஞ்சம் மெலிதாக்கவோ பூச்சை இன்னும் மேலே நிறுத்தவோ வேண்டும். பூச்சின் ஓரம் முழுவதிலும் மெல்லிய கருங்கோடு ஓடினால் மருத்துவரை அன்றே அழையுங்கள்.